பூனைக் காதில் ஒரு சொட்டு ரத்தம்

முதலில் கண்டுபிடித்தது எறும்புதான். பாளையங்கோட்டை வீட்டின் பின்வாசலில், எங்கள் பூனை ராசு மூத்திரம் போகும் மணல் தட்டைச் சுற்றி ஒரு சாரை. ஆச்சிக்குச் சர்க்கரை வந்து இருபது வருஷம் இருக்கும். ஒரு பார்வையில் சொல்லிவிட்டாள்: "ஏலே, எனக்கு வந்தது இதுக்கும் வந்துட்டு, பாத்துக்கோ."

ஒன்பது வயதுக் காயடித்த கடுவன். வைத்த சோற்றையெல்லாம் தின்றும் முதுகெலும்பு துருத்த ஆரம்பித்திருந்தது. செம்புத் தண்ணீர் அரை நாள் தாங்கவில்லை. ரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டும்வரை பூனையின் சிறுநீரகம் அதை வெளியே விடாது. மனிதரில் அந்த வரம்பு 180 வாக்கில். தாண்டிவிட்டால் சர்க்கரை தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். தாகம் அதனால்தான்.

டாக்டர் எழுதிக்கொடுத்தது காலை 7, மாலை 7 என இரண்டு வேளை கிளார்ஜின் இன்சுலின், வேளைக்கு 1 யூனிட். ஊசி போடுவது சுலபம். பிடரித் தோலைக் கூடாரம்போலத் தூக்கிக் குத்தினால் ராசு திரும்பிக்கூடப் பார்க்காது. எவ்வளவு போடுவது என்பதுதான் பாடு.

காதோரத்தில் மெல்லிய ரத்தநாளம் ஒன்று ஓடுகிறது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அரை நிமிஷம் வைத்தால் அது புடைத்துக்கொள்ளும். மேலே துளி வாசலின் தடவினால் ரத்தம் முடியில் பரவாமல் மணியாக நிற்கும். அந்த மணியை ஆச்சியின் குளுக்கோமீட்டரில்தான் முதலில் தொட்டு எடுத்தேன். அதில் ஒரு சிக்கல் இருந்தது. மனித ரத்தத்தின் சர்க்கரையில் ஏறத்தாழ 40 சதவீதம் சிவப்பணுக்களுக்குள் இருக்கிறது, மீதி பிளாஸ்மா என்கிற ரத்த நீரில். பூனைக்கோ சுமார் 93 சதவீதம் பிளாஸ்மாவிலேயே கிடக்கிறது. மனிதக் கணக்குப் போட்டுப் பழகிய மீட்டர் பூனையிடம் குறைத்தே சொல்லும். பூனைக்கென்று அளவு திருத்திய மீட்டர்கள் உண்டு. கிடைக்காவிட்டால் ஒரே மீட்டரை மாற்றாமல் வைத்துக்கொண்டு, அது எந்த மீட்டர் என்று டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு சிக்கல் பயம். கூடைக்குள் வைத்து ஆட்டோவில் ஏற்றி, நாய் குரைக்கிற வராந்தாவில் உட்காரவைத்துப் பார்த்தபோது 390. அதே நாள் சாயங்காலம் வீட்டுத் திண்ணையில் 230. பயந்த பூனையின் உடம்பில் அட்ரினலின் பாயும். கல்லீரல் சேமித்த சர்க்கரையைக் கொட்டும். நோயே இல்லாத பூனைக்குக்கூட இப்படி 300 வரை ஏறலாம். அதனால் பூனை விஷயத்தில் வீட்டில் எடுக்கும் அளவையே நான் நம்புவேன்.

இரண்டாவது வாரம் காலையில் ஊசிக்கு முன் 340 காட்டியது. கை தன்னாலே அரை யூனிட் கூட்டப் போனது. டாக்டர் தடுத்தார்: "ஒரு நாள் முழுக்க எடுத்துட்டு வாங்க." இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் குத்தினோம். 7 மணிக்கு 340, 9-க்கு 260, 11-க்கு 150, மதியம் 1-க்கு 95, 3-க்கு 140, 5-க்கு 230, 7-க்கு மறுபடி 330. காலை எண்ணை நம்பிக் கூட்டியிருந்தால் மதியத்து 95 எங்கே போய் நின்றிருக்கும்? 60-க்குக் கீழே போனால் பூனை தள்ளாடும், வலிப்பு வரலாம், உயிரே போகலாம். இன்சுலினைக் கூட்டுவதும் குறைப்பதும் முதலில் அந்தப் பள்ளத்தை, அதாவது நாளின் மிகக் குறைந்த எண்ணைப் பார்த்துத்தான். அது 80-க்கும் 150-க்கும் நடுவே நின்றால் போதும் என்பது பொதுக் கணக்கு. மாற்றினாலும் அரை யூனிட், பிறகு ஒரு வாரம் பொறுத்திருக்க வேண்டும்.

பள்ளம் ஏன் மதியம் விழுகிறது? குப்பிக்குள் கிளார்ஜின் அமிலத் திரவமாகத் தெளிவாக இருக்கும். தோலுக்கடியில் போனதும் உடம்பின் காரத்தன்மையில் நுண்படிகங்களாக உறைந்து, அங்கிருந்து மெல்லக் கரைகிறது. கல்கண்டை வாயில் அடக்கி வைப்பது மாதிரி. மனிதருக்கு ஒரு நாள் முழுக்க வேலை செய்யும் அதே மருந்து பூனைக்கு ஏறத்தாழ பாதி நாள்தான் தாங்கும்; அதுதான் இரண்டு வேளை.

சிரிஞ்சைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஆச்சியின் குப்பி மில்லிக்கு 40 யூனிட், சிவப்பு மூடிச் சிரிஞ்சு. ராசுவின் கிளார்ஜின் மில்லிக்கு 100 யூனிட், ஆரஞ்சு மூடி. ஒருநாள் கரண்ட் போன இருட்டில் சிவப்பு மூடி கைக்கு வந்துவிட்டது. அதில் 1 என்ற கோடுவரை இழுத்திருந்தால் பூனைக்குள் போயிருப்பது இரண்டரை யூனிட். அன்றைக்கே இரண்டையும் வேறு வேறு அலமாரியில் வைத்தோம். தேன் பாட்டிலையும் பக்கத்திலேயே வைத்திருக்கிறோம். பூனை துவண்டால் ஈறில் தடவிக்கொண்டே டாக்டரிடம் ஓட வேண்டும்.

சாப்பாடுதான் ஆச்சிக்கும் எனக்கும் சண்டை. பூனைக்கு எச்சிலில் மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் இல்லை. சர்க்கரையைச் சட்டென்று பிடித்து வைக்கும் குளுக்கோகைனேஸும் அதன் கல்லீரலில் சொற்பம். இனிப்பை அதன் நாக்கு அறியவே அறியாது. ஆச்சி ஊட்டிய பால்சோறு பாலுக்காகத்தான் உள்ளே போயிருக்கிறது. சோற்றை நிறுத்தி அவித்த சாளையும் கோழியும் கொடுக்க முடிவு செய்தோம், அதுவும் டாக்டரிடம் சொல்லிவிட்டு மெதுவாக. இன்சுலினைப் பழைய அளவிலேயே வைத்துச் சோற்றை ஒரே நாளில் நிறுத்தினால் சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போய்விடும்.

சாளைக்கு மாறி ஐந்தாவது வாரம் மதியத்து எண் 68. டாக்டர் அரை யூனிட் குறைத்தார். சர்க்கரை அடங்கினால் களைத்துக் கிடந்த கணையம் ஓரளவு விழித்துக்கொள்ளும், சில பூனைகளுக்கு ஊசியே தேவைப்படாமல் போவதும் உண்டு என்றார். இதைச் சொன்னதும் ஆச்சி சாளைச் சட்டியைப் பார்த்தாள். "எனக்கும் அப்படி நிக்குமால?"