ரெசின் வார்க்கும் அறையில் படுக்காதீர்கள்

பஸ், ரயில் எஞ்சின், போர் விமானம் என்று ஸ்கேல் மாடல் கிட்டுகளை (நிஜ வண்டியைச் சிறிதாக்கிய, ஒட்டிச் சேர்க்கும் மாதிரிகள்) வீட்டிலேயே ரெசினில், அதாவது அச்சில் ஊற்றினால் இறுகும் திரவப் பிளாஸ்டிக்கில், வார்த்து விற்கும் இளைஞர்களைப் பார்க்கிறேன். 1:76 அளவு பஸ்ஸில் வைப்பர்கூடத் தனியாகத் தெரிகிறது. அந்தக் கைவேலைமேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. அதனால்தான் நுரையீரல் மருத்துவராக இதை எழுதுகிறேன். எப்போதோ ஒரு கிட் செய்தபோது உடம்பு தாங்கியது என்பதற்காக, ஆர்டர் பிடித்துத் தினமும் வார்க்கும்போதும் தாங்கும் என்று இருந்துவிடாதீர்கள்.

இரண்டு பாட்டில்களைக் கலந்து ஊற்றும் பாலியூரித்தேன் ரெசினில், ஒரு பாட்டிலில் இருப்பது ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள். பெரும்பாலும் எம்டிஐ என்ற வகை. 1984-ல் போபாலில் கசிந்த மெத்தில் ஐசோசயனேட்டும் இந்தக் குடும்பம்தான். அதற்காக மிரள வேண்டாம். அது எளிதில் ஆவியாகும் கொடிய நஞ்சு, எம்டிஐ சாதாரணமாக அவ்வளவு ஆவியாவதில்லை. ஆனால் கலவை இறுகும்போது தானாகவே சூடேறும், சிலர் அச்சையும் சூடாக்குவார்கள். அப்போது ஆவி கூடும். வாசனை வரவில்லையே என்று நம்பிவிடவும் முடியாது. மூக்குக்குத் தெரிவதற்குள் பாதுகாப்பான அளவைத் தாண்டியிருக்கும்.

என்னிடம் வந்த ஒருவருக்கு முப்பதுக்குள் வயது, சிகரெட் பழக்கம் இல்லை. நள்ளிரவில் இருமலும் இளைப்பும். அலர்ஜி என்று சிரப் குடித்துப் பார்த்திருக்கிறார். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது மட்டும் மூச்சு நன்றாக இருந்ததாம். என்ன வேலை என்று கேட்டேன், ஐ.டி. என்றார். வீட்டுக்கு வந்த பிறகு என்ன செய்வீர்கள் என்று கேட்டபோதுதான் ரெசின் வந்தது. மாலையில் வார்ப்பார், மூச்சுமுட்டல் பல மணி நேரம் கழித்து வரும். ஐசோசயனேட் ஆஸ்துமாவில் இப்படித் தாமதமாக வருவது சகஜம். அதனால்தான் யாரும் ரெசினைச் சந்தேகிப்பதில்லை.

“ஜன்னலைத் திறந்து வைக்கலாமே?” என்றேன்.

“ஈரக்காத்து பட்டா காஸ்டிங்ல குமிழ் வந்துடும் டாக்டர்.”

அவர் சொன்னது சரிதான். ஐசோசயனேட் ஈரத்தோடு சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு உண்டாகி வார்ப்பில் குமிழ் விழும். அதற்குப் பயந்து கதவை அடைத்து ஏ.சி. போட்டு வேலை செய்திருக்கிறார். ஸ்பிலிட் ஏ.சி. உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிவிடும். அதே அறையில்தான் படுக்கையும். வார்ப்புக்கு நல்லது செய்யப்போய், நுரையீரலுக்கு அதுவே வினையாகிவிட்டது.

இதில் நான் மிகவும் கவலைப்படுவது ஒன்று உண்டு. உடம்பு ஒருமுறை ஐசோசயனேட்டை எதிரியாக அடையாளம் கண்டுவிட்டால், அப்புறம் மிகக் குறைந்த அளவே போதும், இளைப்பு வந்துவிடும். தோலில் பட்டுக்கொண்டே இருந்தாலும் அந்த நிலை வரலாம். சில வாரங்களிலும் வரும், சில வருடங்கள் கழித்தும் வரும். இன்ஹேலர் அடித்துக்கொண்டு வார்ப்பைத் தொடரலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. சீக்கிரம் விலகினவர்களுக்கே நன்றாகக் குணமாகும் வாய்ப்பு அதிகம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஆகஸ்டிலிருந்து, 0.1 சதவீதத்துக்கு மேல் டைஐசோசயனேட் (எம்டிஐ இந்த வகைதான்) உள்ள பொருளைத் தொழிலுக்குப் பயன்படுத்துபவர் முதலில் பயிற்சி பெற்றாக வேண்டும். நம் நாட்டின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே, அரசுக்கு அறிவிக்க வேண்டிய தொழில் நோய்களின் பட்டியலில் ஐசோசயனேட் நச்சுப் பாதிப்பு இடம்பெற்றிருந்தது. ஆனால் தனியாளாக வீட்டில் வேலை செய்பவரைக் கவனிக்க ஆய்வாளர் வரப்போவதில்லை.

சரி, என்ன செய்யலாம்? வார்ப்பு வேலையைத் தூங்கும் அறையிலிருந்தும் சமையலறையிலிருந்தும் வெளியே கொண்டுபோங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்து, ஆவி உங்கள் முகத்தைத் தாண்டாமல் நேரே வெளியே போகும்படி மேசையைப் போடுங்கள். ஈரத்துக்குப் பயமா? அறையை அடைப்பதற்குப் பதிலாகப் பாட்டிலைப் பாதுகாக்கலாம்: ஊற்றியதும் இறுக மூடி, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். ஆனால் ஈரம் உள்ளே போய்விட்ட பாட்டிலை இறுக்கி மூடக் கூடாது, வாயு சேர்ந்து வெடிக்கலாம். நைட்ரைல் கையுறை கட்டாயம். என்95 முகக்கவசம் தூசியை நிறுத்தும், ஆவியை நிறுத்தாது. ஆவிக்கு கேட்ரிட்ஜ் (ஆவியை உறிஞ்சும் வடிகட்டி) பொருத்திய ரெஸ்பிரேட்டர்தான் வேண்டும். வாசனை வரட்டும் என்று காத்திராமல் நாள் கணக்கு வைத்து கேட்ரிட்ஜை மாற்றுங்கள். உப்புத்தாள் தேய்ப்பதைத் தண்ணீர் தொட்டுச் செய்தால் தூசி பறக்காது.

3டி பிரின்டரில் மாஸ்டர் (அச்சு செய்வதற்கான மூல மாதிரி) எடுப்பவர்களுக்கு: அந்த ரெசினில் இருப்பது அக்ரிலேட். இறுகாத ரெசினை வெறுங்கையால் தொட்டுத் தொட்டு அலர்ஜி வந்துவிட்டால், பிற்காலத்தில் பல் அடைக்கும் பொருள்கூட ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

அந்த இளைஞர் தொழிலை விடவில்லை. மாஸ்டர் வடிப்பது மட்டும் அவர் வேலை. வார்ப்பை, முறையான எக்ஸாஸ்ட் வசதி உள்ள ஒரு யூனிட்டுக்குக் கொடுத்துவிட்டார். கிட்டுக்கு லாபம் சற்றுக் குறைகிறது. இரவில் தூங்குகிறார்.

தொழில் தொடங்கும் முன்பே ஸ்பைரோமெட்ரி என்ற, ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனை ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இருமல், இளைப்பு வந்தால் மூச்சை ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரில் ஒரு நாளைக்கு நான்கு முறை ஊதிக் குறித்து வாருங்கள். வார்க்கும் நாளையும் வார்க்காத நாளையும் தனித்தனியே குறியுங்கள். டாக்டரிடம் போகும்போது அந்தக் குறிப்பையும் ரெசின் பாட்டில் லேபிளின் படத்தையும் எடுத்துப் போங்கள். என்ன வேலை என்று கேட்டால், ஆபீஸ் வேலையோடு சாயங்கால வேலையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.