சீலிங்குக்குள்ளேயே முடிந்துவிடும் குழாய்கள்

படுக்கையறை சீலிங்கில் பழுப்புக் கறை, ஓரமெல்லாம் கறுப்புப் பூஞ்சை. கோலாலம்பூரில் செராஸ், செந்தூல் பக்கம் கொண்டோவில், அதாவது அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் இதற்காகத்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். நான் போவதற்குள் மேல்வீட்டுக் குழாய்தான் கசிகிறது என்று சண்டையே மூண்டிருக்கும். குளியலறை சீலிங் மூடியைத் திறந்து டார்ச் அடித்தால், எக்ஸாஸ்ட் ஃபேனின் 4 அங்குலக் குழாய் வெளிச்சுவர்வரை போகாமல் பாதியிலேயே வாயைப் பிளந்து கிடக்கும். சில வீடுகளில் குழாயே இருக்காது. ஃபேன் சத்தம் கேட்கிறது, காற்று வெளியே போகிறது என்று நம்பிவிடுகிறோம்.

குளிர்நாடுகளில் இப்படித் தேங்கும் ஈரம் குளிர்ந்த கூரையில் படியும். இங்கே தலைகீழ். கோலாலம்பூரில் வெளிக்காற்றே சுமார் 24 டிகிரிக்குக் குளிர்ந்தால் நீர் விடத் தொடங்கும். வெந்நீரில் குளித்த அறையின் காற்று அதற்கும் முன்பே. பக்கத்து அறையில் ஏர்கோன் 18 டிகிரியில் ஓடும்போது சீலிங் பலகை அடியிலிருந்து குளிர்கிறது. மேலே அடைபட்ட ஆவி அதன் முதுகில் வியர்க்கிறது. மேல்வீட்டுக்காரர் பாவம், அவருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அடுக்களையும் இதே கதைதான். ஒரு கிலோ எரிவாயு எரிந்தால் சுமார் ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாக வரும். 14 கிலோ கேஸ் தோங் (சிலிண்டர்) தீர்வதற்குள் 20 லிட்டருக்கு மேல் என்று கணக்குப் போடுங்கள். கரி வடிகட்டி வைத்து காற்றைத் திரும்ப வீட்டுக்குள்ளேயே விடும் ஹூட் (அடுப்புக்கு மேலே புகையை இழுக்கும் கருவி), வாடையைக் குறைக்கும். ஈரத்தையும் கார்பன் மோனாக்சைடையும் பிடிக்காது. ஹூட் குழாயை சீலிங்குக்குள் விட்டால் எண்ணெய்ப் பிசுக்கு அங்கேயே படிந்து, தீக்கு விறகாகிவிடும்.

குழாய் குட்டையாக, வளைவு குறைவாக, வெளிப்பக்கம் லேசாகச் சரிந்து போகவேண்டும். மடிப்புக் குழாயை இழுத்துக் கட்டாவிட்டால் தொய்வில் தண்ணீர் தேங்கும். துணி உலர்த்தும் இயந்திரத்துக்கு உலோகக் குழாய்தான், பிளாஸ்டிக் வேண்டாம். பல்லி வருகிறதென்று அதன் வெளிவாயில் வலை அடிக்காதீர்கள். பஞ்சு அடைத்துக்கொண்டு சூடேறும். தானே மூடிக்கொள்ளும் மடல் போதும்.

ஃபேன் துவாரத்தில் டிஷ்யூ ஒட்டிக்கொண்டால் காற்றை இழுக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். ஃபேனைப் போட்டுவிட்டு, வெளிவாயின் மடல் அசைகிறதா என்று பாருங்கள். தரைவீட்டில் இது சுலபம். கொண்டோவில் வெளிச்சுவர் பொதுச்சொத்து, துளைபோட நிர்வாகத்திடம் எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். அனுமதி கிடைக்காத வீடுகளில் துணி உலர்த்த, ஆவியைத் தண்ணீராக்கித் தொட்டியில் சேர்க்கும் ஹீட் பம்ப் வகையை வாங்கச் சொல்கிறேன். விலை கூடத்தான்.