அந்த நண்டுத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்

நவம்பர் முதல் சனிக்கிழமையை ஒட்டி கலிஃபோர்னியாவில் பொழுதுபோக்காக நண்டு பிடிக்கும் சீசன் தொடங்கும். அடுத்த வாரமே சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதித் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் அந்தப் படம் சுற்ற ஆரம்பித்துவிடும். பெரிய எவர்சில்வர் அண்டா, உள்ளே ஓட்டோடு முழுசாக நாலைந்து டஞ்சனஸ் நண்டு, மஞ்சளும் மிளகும் மிதக்கும் தண்ணீர், அதாவது நண்டு ரசம். கீழே ஒரு வரி: "சளிக்கு இதைவிட மருந்து உண்டா?" இந்த வருஷமும் வந்தாயிற்று.

எமரிவில், ஹாஃப் மூன் பே, பொடேகா பே துறைகளிலிருந்து கிளம்பும் 'காம்போ' படகுகளில் ராக்ஃபிஷ், லிங்காட் என்ற மீன்கள், நண்டு மூன்றையும் ஒரே நாளில் பிடித்து வரலாம். நல்ல விஷயம்தான், போய் வாருங்கள். பிரச்சினை படகில் குறைவு, அடுப்படியில்தான் அதிகம்.

டோமோயிக் அமிலம் என்று ஒரு நஞ்சு. சூடோ-நிட்சியா என்னும் நுண்பாசி கடலில் பெருகும்போது உண்டாக்குவது. சிப்பி அதைத் தின்னும், சிப்பியை நண்டு தின்னும். நண்டுக்கு ஒன்றும் ஆகாது, நமக்கு ஆகும். வயிற்றுப்போக்கு, வாந்தி, தலைவலி, தலைசுற்றல் என்று தொடங்கும். முற்றினால் குழப்பம், வலிப்பு, அண்மைக்கால நினைவு அழிந்துபோதல், சில சமயம் மரணம். மாற்று மருந்து கிடையாது. வந்தவருக்கு மருத்துவர்களாகிய நாங்கள் செய்வதெல்லாம் ஆதரவு சிகிச்சைதான்.

இதைச் சொன்னதும் பத்தில் ஒன்பது பேர் சொல்வது: "நல்லாக் கொதிக்க வச்சிட்டோம் டாக்டர்." கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். கொதிக்க வைத்தால் சாவது கிருமி. டோமோயிக் அமிலம் கிருமி இல்லை, உயிரும் இல்லை, அது ஒரு வேதிப்பொருள். உப்பைக் கொதிக்க வைத்தால் உப்பு போய்விடுமா? பத்து நிமிஷம் கொதித்தாலும் பிரஷர் குக்கரில் ஆறு விசில் விட்டாலும் அது அப்படியே இருக்கும். மஞ்சள் முறிக்காது, புளி முறிக்காது, பூண்டும் முறிக்காது. ஃப்ரீசரில் வைப்பதும் ஒன்றும் செய்யாது. கசக்காது, நாறாது, நிறம் மாறாது. ருசி பார்த்துக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. "நண்டு உயிரோட துள்ளிச்சே" என்பதும் சான்று ஆகாது, அதைத்தான் மேலே சொன்னேன்.

1987-ல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுச் சிப்பிகளைத் தின்று நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் விழுந்தார்கள், சிலர் இறந்தார்கள், பிழைத்தவர்களில் சிலருக்கு நினைவாற்றல் திரும்பவே இல்லை. அந்தச் சிப்பிகள் சமைத்த சிப்பிகள்தான்.

கொதித்தால் என்ன நடக்கும் தெரியுமா? இது தண்ணீரில் கரையும் பொருள். ஓட்டுக்குள் மஞ்சளாகக் கொழகொழவென்று இருக்கிறதே, பலர் 'நண்டுக் கொழுப்பு' என்று வழித்துத் தின்பது, அது ஈரலும் கணையமும் சேர்ந்த உறுப்பு. நஞ்சு சேர்வது பெரும்பாலும் அங்கேதான். முழு நண்டைக் கொதிக்க விட்டால் அது அங்கிருந்து தண்ணீருக்கு இறங்கும். அந்தத் தண்ணீரைத்தான் நாம் ரசம் என்று டம்ளரில் ஊற்றிக் குழந்தைக்குக் கொடுக்கிறோம். கலிஃபோர்னியப் பொதுச் சுகாதாரத் துறை நண்டு எச்சரிக்கை விடும்போதெல்லாம் இரண்டு வரி சேர்த்தே எழுதுகிறது: குடலையும் அந்த மஞ்சள் கொழகொழப்பையும் தின்னாதீர்கள், முழு நண்டு வெந்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், சூப்புக்கும் குழம்புக்கும் எடுக்காதீர்கள். நம் சமையல் முறையைப் பார்த்தே எழுதியதுபோல் இருக்கிறது.

2015-ல் பாசி பெருகியபோது, நவம்பரில் தொடங்க வேண்டிய வணிக நண்டு சீசன் மத்தியக் கலிஃபோர்னியாவில் அடுத்த மார்ச் கடைசியில்தான் தொடங்கியது. தண்ணீர் தெளிந்த பிறகும் கடலடி நண்டில் நஞ்சு தங்கியிருக்கும் என்பதால் "கடல் நல்லாத்தானே இருக்கு" என்ற பேச்சும் வேண்டாம். இறைச்சியில் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு), குடலில் 30 பிபிஎம் தாண்டினால் நடவடிக்கை எடுப்பார்கள். குடல் மட்டும் தாண்டியிருந்தாலே எச்சரிக்கை வரும். கிளம்புவதற்கு முந்தின நாள் பொதுச் சுகாதாரத் துறையின் இணையப் பக்கத்தைப் பாருங்கள், உங்கள் படகு போகும் பகுதி பட்டியலில் இருக்கிறதா என்று. இருந்தால் அன்று ராக்ஃபிஷோடு திரும்புங்கள்.

எச்சரிக்கை இல்லாத நாளிலும் நண்டைக் கழித்துத்தான் சமைக்க வேண்டும். செய்முறை இதுதான். நண்டை அரைமணி நேரம் ஐஸில் வைத்து மரத்துப்போக விடுங்கள். மல்லாத்தி, நடுக்கோட்டில் கனமான வெட்டுக்கத்தியை வைத்துச் சுத்தியலால் ஒரே அடி. மேல் ஓட்டைப் பின்பக்கமிருந்து பிடித்து இழுத்தால் கழன்று வரும். இரண்டு பாதியையும் உதறி மஞ்சளையும் குடலையும் வெளியேற்றுங்கள், இருபுறமும் இறகுபோல் ஒட்டியிருக்கும் செவுளைப் பிடுங்குங்கள், குழாய்த் தண்ணீரில் உள்கூட்டை நன்றாக அலசுங்கள். இதெல்லாம் சமைக்கும் முன். வெந்த பிறகு கழித்தால் வேலை பாதிதான் நடக்கும். சில படகுகளில் கரை திரும்பும் வழியிலேயே முழுசாக வேகவைத்துத் தருவார்கள். அப்படி வேண்டாம், உயிரோடு கொடுங்கள் என்று காலையிலேயே சொல்லிவிடுங்கள்.

ரசம் வைத்தே தீருவேன் என்பவர்கள், எச்சரிக்கை இல்லாத பகுதி நண்டில், இப்படிக் கழித்து அலசிய காலையும் கொடுக்கையும் தட்டிப் போட்டு வையுங்கள். அதற்கு மேல் இறங்கிவர என்னால் முடியாது.

செத்த நண்டைச் சமைக்கக் கூடாது, இதற்குமா விளக்கம் வேண்டும்? ஆனால் வீடு வருமுன் அது சாவதற்கு நீங்கள்தான் காரணம்: ஐஸ்பெட்டியில் உருகிய நன்னீரில் ஊறவிடுகிறீர்கள். ஐஸ் மேல் கடல்நீரில் நனைத்த சாக்கு, சாக்கு மேல் நண்டு, பெட்டியின் வடிகால் திறந்திருக்கட்டும்.

அப்புறம் ஒரு குழப்பம். காலை முழுக்கப் படகில் வாந்தி எடுத்தவர், இரவு நண்டு தின்றபின் மறுபடி வாந்தி எடுத்தால் "கடல் ஒவ்வாமை இன்னும் விடல" என்று படுத்துவிடுகிறார். கடல் வாந்தி கரை ஏறினால் சில மணி நேரத்தில் தணியும். சாப்பிட்டபின் புதிதாகத் தொடங்கினால் அது வேறு கதை. பேச்சு தடுமாறினாலோ ஆள் குழம்பினாலோ உடனே 911. மற்றதற்கு நச்சுக் கட்டுப்பாட்டு மையம், 1-800-222-1222. என்ன தின்றீர்கள், எங்கே பிடித்தது, எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். மீதியிருப்பதைத் தூக்கிப் போடாமல் தனியே எடுத்து வையுங்கள்.

கடல் வாந்திக்கான மாத்திரையைக் குமட்டல் வந்தபின் போட்டுப் பயனில்லை, அதுவும் சேர்ந்து கடலுக்குத்தான் போகும். மெக்லிசின் என்றால் படகு ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன். காதுக்குப் பின் ஒட்டும் ஸ்கோபொலமின் பட்டை முந்தின இரவே. ஒட்டியபின் கையைக் கழுவாமல் கண்ணைத் தேய்க்காதீர்கள், குளோக்கோமா (கண் அழுத்த நோய்) உள்ளவர்கள் பக்கமே போகாதீர்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த அவோமினும் தூக்கம் வரவழைக்கும், போட்டுக்கொண்டு திரும்பும்போது வண்டி ஓட்டாதீர்கள். வெறும் வயிறும் வேண்டாம், நெய்ப் பொங்கலும் வேண்டாம். இரண்டு இட்லி போதும்.

இறால் ஒவ்வாமை உள்ளவர்கள் பலருக்கு நண்டும் ஆகாது. படகுகள் போகும் ஃபாரலான் தீவுகள் கோல்டன் கேட்டிலிருந்து ஏறத்தாழ 27 மைல். அங்கே மூச்சு இறுகினால் ஆம்புலன்ஸ் வராது. எபிநெஃப்ரின் ஊசி பையில் இல்லாமல் ஏறாதீர்கள்.

ராக்ஃபிஷின் முதுகு முள்ளில் லேசான நஞ்சு உண்டு. குத்தினால் ஐஸ் வைப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. தாங்கக்கூடிய வெந்நீரில், 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாமல், அரைமணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை முக்கி வையுங்கள். லிங்காடின் சதை சில சமயம் நீலப்பச்சையாக இருக்கும். அது கெட்டுப்போனதல்ல, வெந்தால் வெள்ளையாகிவிடும். பயந்து தூக்கி எறிகிறவர்கள்தான் நண்டுத் தண்ணீரைப் பயமில்லாமல் குடிக்கிறார்கள்!

மற்ற விதிகளைப் படகுக்காரர் சொல்லுவார், அவரோடு மல்லுக்கட்டாதீர்கள். 16 வயது ஆனவர்களுக்கு உரிமம் வேண்டும், ஒருநாள் உரிமமும் உண்டு. ஓட்டின் அகலம் பக்கமுள்ளை விட்டு 5¾ அங்குலம், ஆளுக்கு 10. கூண்டுக்குப் பதில் வளையவலை இறக்கினால், திமிங்கலங்கள் கயிற்றில் சிக்காமல் இருக்கத்தான். மஞ்சள்கண் ராக்ஃபிஷ் எவ்வளவு அழகாக இருந்தாலும் திருப்பி விட வேண்டும். ஆழத்திலிருந்து வந்த மீனின் வாயில் பிதுங்கி நிற்பது காற்றுப்பை அல்ல, இரைப்பை. கத்தியால் குத்தாமல், இறக்குகருவியில் மாட்டி ஆழத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

இரைக்கு வைத்த நெத்திலி மிஞ்சினால் வறுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: 1991-ல் மான்ட்டரே வளைகுடாவில் பெலிக்கன்கள் கூட்டமாகச் செத்தது இதே நஞ்சு ஏறிய நெத்திலியைத் தின்றுதான். நாம் நெத்திலியைக் குடலோடு வறுக்கும் ஆட்கள். மிச்சத்தைக் கடலிலேயே போட்டுவிட்டு வாருங்கள்.