தக்காளிக்காய் ஊறுகாய்: சட்னி என்று ஏன் சொல்லக் கூடாது?

குளிர் தொடங்கியதும் செடியில் பழுக்காமல் நின்றுவிடும் தக்காளியை இங்கிலாந்தில் வெங்காயம், சர்க்கரை, காடி (வினிகர்) சேர்த்துச் சுண்டக் காய்ச்சி, புட்டியில் அடைத்துவைப்பார்கள். அதற்கு அவர்கள் சொல்லும் பெயர் சட்னி. அதையே நாமும் ‘பச்சைத் தக்காளிச் சட்னி’ என்று எழுதினால் காரைக்குடிப் பக்கம் வேறு பொருள்தான் கிடைக்கும். இங்கே சட்னி என்றால் இட்லிக்கு அரைத்து அன்றைக்கே தீர்ப்பது. ‘பச்சை’யும் குழப்பும், வேகவைக்காத சிவப்புத் தக்காளியும் பச்சைத் தக்காளிதானே? ‘தக்காளிக்காய்’ என்றால் சந்தேகமே இல்லை.

சட்னி இந்தியிலிருந்து வந்த சொல். நக்குதல் என்று பொருள்படும் ‘சாட்னா’ அதன் வேர். தமிழில் அதற்கு நெருங்கியது துவையல். ஆனால் துவையலும் மாதக்கணக்கில் வைத்திருக்கும் பண்டம் இல்லை.

வைத்திருந்து தின்பதற்கு நம்மிடம் இருப்பது ஊறுகாய். எனக்கு மிகவும் பிடித்த சொல் இது. ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என மூன்று காலமும் அதற்குள் மறைந்திருக்கின்றன. இலக்கணத்தில் வினைத்தொகை என்பார்கள். ஜாடியைத் திறந்தால் அந்த இலக்கணம் கண்ணுக்கே தெரியும். போன வாரம் ஊறியது, இன்றும் ஊறுகிறது, அடுத்த மாதமும் ஊறும். பழத்தில் போட்டதையும் ஊறுகாய் என்றுதான் சொல்கிறோம். ஆனாலும் தக்காளிக்காயில் போடும்போதுதான் ‘காய்’ என்ற பாதியும் மெய்யாகிறது.

இதற்குப் பழைய பெயர் ஒன்றும் உண்டு. பெரும்பாணாற்றுப்படையில் மாவடு ஊறுகாய் ‘காடி’ என்று வருகிறது. இன்று காடி என்றால் வினிகர்.

எங்கள் வீட்டில் அப்பத்தா போடும் முறை எளியது. காயைத் தடிமனாக நறுக்கி, கல்லுப்புப் போட்டு, பீங்கான் ஜாடியில் ஓர் இரவு வைப்பார். உப்பு நீரை இழுத்துவிடும். மறுநாள் நீரை வடித்து, துண்டுகளை வளவு முற்றத்து வெயிலில் சுருங்கும்வரை உலர்த்துவார். அப்புறம் மிளகாய்த்தூள், வறுத்துப் பொடித்த வெந்தயம், பெருங்காயம் கலந்து, கடுகு தாளித்த நல்லெண்ணெயை ஆறவைத்துத் துண்டுகள் மூழ்கும்படி ஊற்றுவார். ஈரக்கரண்டி மட்டும் படவே கூடாது.

சரி, இங்கிலாந்துக்காரர்கள் செய்வதைத் தமிழில் எப்படிச் சொல்வது? அது துண்டாக ஊறுவதில்லை, அடுப்பில் சுண்டிக் கெட்டியாகிறது. அதனால் அது தக்காளிக்காய்த் தொக்கு.