சொல் விளக்கம்: எர்த் – புவித்தொடுப்பு

“அண்ணே, கம்பத்துல கை வெச்சா எர்த் அடிக்குது.”

சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு தொழிற்கூடத்தின் மொட்டைமாடியில் வைஃபை ஆண்டெனா மாட்டிக்கொண்டிருந்தபோது, கூட வேலை பார்த்த புதுக்கோட்டைத் தம்பி சொன்னது இது. கம்பத்தில் ஏற்கெனவே இருந்த விளக்கின் வயர் நைந்து இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. கசியும் மின்சாரம் நம் உடம்பில் பாயாமல் மண்ணுக்குப் போக வழிவிடும் எர்த் கம்பியே கம்பத்துக்கு இல்லை.

அவர் சொன்னது எனக்குப் புதிதில்லை. ஊரில் கிரைண்டரைத் தொட்டுச் சுரீர் என்றாலும், இஸ்திரிப் பெட்டி சுண்டினாலும் நாம் சொல்வது இதைத்தான். ஆனால் எர்த் ஒழுங்காக இருந்தால் அடிக்காது. அது இல்லாததால்தான் அடிக்கிறது. காப்பாற்ற வந்த கம்பியின் பெயர், நம் பேச்சில் அடிக்கே பெயராகிவிட்டது. இதனால் கெடுதலும் உண்டு. ‘இதுலதான் எர்த் வருது’ என்று பச்சையும் மஞ்சளுமான அந்த வயரை வெட்டி, டேப் சுற்றி வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு சொல் பொருள் மாறிப்போனதால் ஓர் உயிருக்கு ஆபத்து வரலாம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

எர்த் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மண், உலகம் என்பதுதான் பழைய பொருள். மின்சாரத்துக்குள் அது தந்தி வழியாக வந்தது. தந்திக்குப் போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி என்று இரண்டு இழுத்துக்கொண்டிருந்த காலம். 1838இல் ஜெர்மானியர் ஸ்டைன்ஹைல், திரும்பி வரும் கம்பிக்குப் பதிலாக மண்ணையே பயன்படுத்தலாம் என்று காட்டினார். இரு முனையிலும் ஓர் உலோகத் தகட்டைப் புதைத்தால் போதும். அதாவது முதலில் இச்சொல் குறித்தது மின்சாரம் திரும்பும் வழியை. பாதுகாப்பு என்ற பொருள் பிறகு முன்னுக்கு வந்தது. பிரிட்டிஷார் எர்த் என்றார்கள், அமெரிக்கர்கள் கிரவுண்ட் என்றார்கள். சிங்கப்பூரில் மின்வேலை பிரிட்டிஷ் வழக்கப்படி நடப்பதால் சுவிட்ச் பெட்டிக்குள் எர்த்; நாம் மாட்டும் ஆண்டெனாவின் கையேட்டிலோ பெரும்பாலும் கிரவுண்ட். இரண்டும் ஒன்றே என்று தெரியாமல் குழம்பும் புதியவர்கள் நிறைய.

மலாய்க்காரர்கள் இதை ‘பெம்புமியான்’ என்கிறார்கள். நடுவில் இருக்கும் ‘புமி’ நம் பூமிதான். சீனர்கள் சொல்லும் ‘ஜியேதி’க்கு நிலத்தோடு இணைப்பது என்று பொருள். இருவருமே அதை ஒரு செயலாகச் சொல்கிறார்கள், கவனியுங்கள். நாம்தான் வெறும் மண்ணின் பெயரை வைத்துக்கொண்டு, இணைப்பு என்ற பாதியை விட்டுவிட்டோம்.

தமிழில் என்ன சொல்லலாம்? தரையிணைப்பு என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் தயக்கம் உண்டு. பத்தாவது மாடியில் நிற்பவருக்குத் தரை என்றால் காலடியில் இருக்கும் சிமெண்ட்தான். நிலத்தொடுப்பு அழகான சொல். வடமொழி கலவாத சொல் வேண்டுவோர் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். இலங்கைப் பாடநூல்களில் படித்தவர்களுக்குப் பழகியது புவித்தொடுப்பு. நான் அதையே எழுதுகிறேன். புவி வடமொழி வழி வந்ததுதான், ஆனால் நமக்கு அந்நியமில்லை.

முக்கியம் ‘தொடுப்பு’. சிராங்கூன் சாலையில் பூத் தொடுப்பவரின் விரல்களைக் கொஞ்ச நேரம் பாருங்கள். ஒவ்வொரு காம்புக்கும் நூலைச் சுற்றி இழுத்து இறுக்கிவிட்டுத்தான் அடுத்த பூவை எடுப்பார். ஒரு முடிச்சு தளர்ந்தாலும் பூ உதிரும். எர்த் வேலையும் அப்படித்தான். அந்தக் கம்பத்தில் நாங்கள் முதலில் மாட்டிய செம்புக் கம்பியின் முனை பெயிண்ட் மேலேயே உட்கார்ந்திருந்தது. போல்ட் நல்ல இறுக்கம், பார்க்க லட்சணம். மீட்டர் வைத்தால் முள் அசையவில்லை. பெயிண்டை இரும்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, பல் வாஷர் போட்டு முடுக்கிய பிறகுதான் இணைப்பு கிடைத்தது.

ஆண்டெனாவுக்குப் போகும் நெட்வொர்க் கேபிளிலும் இதே கதைதான். வெளிப்புறத்துக்கு வெயில் தாங்கும் கறுப்பு உறை உள்ள, உலோகக் கவசம் கொண்ட கேபிளை வாங்குவோம். அப்புறம் முனையில் சாதாரணப் பிளாஸ்டிக் தலையை, அதாவது கருவியில் செருகும் பிளக்கை, குத்திவிடுவோம். கவசத்தோடு வரும் மெல்லிய வெற்றுக் கம்பி வெட்டுப்பட்டுக் குப்பைக்குப் போகும். கவசம் எதையும் தொடாமல் தொங்கும். உலோகத் தலை போட்டு, அந்த வெற்றுக் கம்பியை அதோடு சேர்த்தால்தான் அது தொடுப்பு.

இன்னொரு தவறு, ஆண்டெனாவுக்கென்று தனியாக ஒரு கம்பியை மண்ணில் அடித்துவிட்டு, கட்டடத்தின் எர்த்தோடு சேர்க்காமல் விடுவது. அந்தக் கம்பிக்கு 10 ஓம் தடை என்று வையுங்கள். மின்னலில் 10,000 ஆம்பியர் அதில் இறங்கினால் அதன் தலையில் 100,000 வோல்ட் நிற்கும். கட்டடத்தின் எர்த் வேறு மின்னழுத்தத்தில் இருக்கும். இரண்டையும் இணைப்பது உங்கள் நெட்வொர்க் கேபிள் மட்டும்தான் என்றால், மின்சாரம் அது வழியாகவே, கேபிள்கள் வந்து சேரும் நெட்வொர்க் சுவிட்ச் கருவிக்குள் பாயும். ஆகவே இரண்டு எர்த்தையும் தடித்த கம்பியால் ஒன்றுசேர்க்க வேண்டும். இதைப் பிணைப்பு என்று சொல்லலாம். தொடுப்பு மண்ணோடு, பிணைப்பு ஒன்றோடொன்று.

சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 160 நாளுக்கு மேல் இடி முழங்குகிறது. விடிகாலையில் சுமத்ரா பக்கமிருந்து வரும் காற்றுமழை ஒன்று போதும், இந்த வேலையைச் சோதித்துப் பார்க்க. கட்டடத்தின் இடிதாங்கியோடும் மின்பெட்டியோடும் சேர்க்கும் வேலையை மட்டும் உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விட்டுவிடுங்கள். அது நம் கையில் இல்லை.

தம்பியிடம் அன்று சொன்னேன்: “எர்த் அடிக்குதுன்னு சொல்லாத, கரண்ட் கசியுதுன்னு சொல்லு.” சரிண்ணே என்றார். விளக்கு வயரை மாற்றச் சொல்லிவிட்டு, எர்த் போல்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டினோம். மற்ற மொழிகளுக்குக் கீழே தமிழில் அவரே எழுதினார்: புவித்தொடுப்பு, கழற்றக் கூடாது.