சிஸ்டர், இது எந்தத் தோல்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சர்க்கரை நோயாளிகளின் கால்புண்ணுக்குக் கட்டுப் போடும் நர்ஸ் நான். ஒரு புரட்டாசி விரத நாளில், சாட்ஸ்வொர்த்திலிருந்து வந்த ஆயா ஒருவரின் ஆறாத குதிகால் புண்ணில் மெல்லிய தாள் ஒன்றை வைக்கப் போனேன். பாக்கெட்டைப் பிரிப்பதற்குள் கேட்டார்: "சிஸ்டர், இது எந்தத் தோல்?"

தோல் இல்லை, பன்றியின் சிறுகுடல் சுவர் என்றேன். காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அவர் கேட்கும்வரை நான் சொல்லாமல் இருந்தது தப்பு.

அந்தத் தாளில் பன்றியின் செல்கள் கிடையாது. திசுவைக் கழுவி, செல்களை வெளியேற்றிவிட்டு, மிஞ்சுகிற கொலாஜன் என்ற புரத வலையைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். இப்படித் திசு கழுவப் பயன்படும் சரக்குகளில் ஒன்று சோடியம் டோடெசில் சல்ஃபேட். ஷாம்பூவில் நுரை தருவதும் அதே வகைதான். குடித்தனக்காரர் காலி செய்த வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவரும் தூணும் அப்படியே நிற்கும், நம் செல்கள் வந்து குடியேறும்.

ஏன் இத்தனை கழுவல்? அடுத்தவர் செல் என்று தெரிந்தால் உடம்பு சண்டைக்குப் போகும். நம் நாட்டிலேயே, கேப் டவுனில், 1967 டிசம்பர் 3 அன்று கிறிஸ்டியான் பர்னார்ட் மாற்று இதயம் பொருத்திய லூயி வாஷ்கான்ஸ்கி 18 நாள்தான் இருந்தார். அந்தச் சண்டையை அடக்கக் கொடுத்த மருந்துகள் எதிர்ப்புச் சக்தியையே குறைத்துவிட, நிமோனியா வந்துவிட்டது. அதனால்தான் கழுவிய திசுவில் ஒரு மில்லிகிராம் உலர் எடைக்கு 50 நானோகிராமுக்கு மேல், செல்களின் மிச்சமான டிஎன்ஏ இருக்கக்கூடாது என்று ஆய்வாளர்கள் ஓர் அளவு வைத்திருக்கிறார்கள்.

முழு இதயத்தையும் இப்படிக் கழுவிப் பார்த்தாயிற்று. 2008-இல் அமெரிக்காவில் டோரிஸ் டெய்லர் குழு, கழுவிய எலி இதயத்தில் குட்டி எலிகளின் செல்களை விட்டது. எட்டாம் நாள் அது பம்பு போல வேலை செய்தது. வலு, வளர்ந்த எலி இதயத்தில் சுமார் 2 சதவீதம். வாட்ஸ்அப்பில் 'ஆய்வகத்தில் இதயம் தயார்' என்று வந்தால் எனக்கு இந்த 2-தான் ஞாபகம் வரும்.

காலுக்கு வருவோம். தாள் வைத்ததும் புண் ஆறிவிடாது. ரத்தமே வராத காலில் குடிவர ஆள் எங்கே? முதலில் ரத்த ஓட்டம் பார்க்க வேண்டும், சீழையும் செத்த சதையையும் எடுக்க வேண்டும். அப்புறம் குதிகாலில் பாரம் விழக்கூடாது. கோவிலுக்கு வெறுங்காலோடு போகிறவர்களிடம் இதைச் சொல்லி நான் ஜெயித்ததே இல்லை.

பன்றி வேண்டாம் என்பவர்களுக்கு வேறு வழியும் உண்டு. தானமாக வந்த மனிதத் தோலிலும் இதே வலை எடுக்கிறார்கள். ஐஸ்லாந்தில் காட் மீன் தோலிலிருந்தே செய்கிறார்கள். "புரட்டாசியில் மீன் மட்டும் ஆகுமா?" என்றார் ஆயா. பிறகு கோவில் ஐயரைக் கேட்டுவிட்டு வந்து, "தின்னப் போறதில்லையே, பன்றியையே போடு" என்றார்.

போட்டேன். சில நாளில் அந்தத் தாள் கரைந்து மஞ்சள் கூழாகும், லேசாக வாடையும் வரும். அது சீழ் இல்லை. ஆனால் காய்ச்சலோ, சுற்றிலும் சிவப்போ, வலியோ கூடினால் உடனே வர வேண்டும். இதையும் நான் சொல்ல மறந்திருந்தேன். ஆயா வீட்டில் கட்டைப் பிரித்து, மஞ்சள் தண்ணீரில் சுத்தமாகக் கழுவிவிட்டு, "சீழெல்லாம் எடுத்துட்டேன் சிஸ்டர்" என்று பெருமையோடு வந்து நின்றார்.

இன்னொரு பாக்கெட் பிரித்தோம். இப்போதெல்லாம் கட்டின் மேலேயே பேனாவால் எழுதி அனுப்புகிறேன்: 'பிரிக்காதே'.