விஜிஏ: லப்டொப்பின் உள்வரைகலை பழைய கிராஃபிக்ஸ் காட்டுக்கு ஈடாகுமா?

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ கணினிக் கடையில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது.

"தம்பி, இந்த லப்டொப்புல விஜிஏ இருக்கா?"

"இருக்கு காக்கா, ஒன்போர்ட்."

கேட்டவர் தேடுவது தனக்கென்று நினைவகம் வைத்து, திரைக்குப் படம் வரையும் தனிச் சில்லை. சொன்னவர் காட்டுவது அதே வேலைக்காகப் புரொசசருக்குள்ளேயே இருக்கும் ஒரு பகுதியை. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் இரண்டு பொருளைப் பேசுகிறார்கள். அதில் நட்டப்படுவது வாங்குகிறவர்.

விஜிஏ என்பது கிராஃபிக்ஸ் காட்டின் (அட்டையின்) பெயரே அல்ல. 1987இல் ஐபிஎம் தன் பிஎஸ்/2 கணினிகளோடு கொண்டுவந்த காட்சித் தரம் அது. விடியோ கிராஃபிக்ஸ் அரே என்பதன் முதலெழுத்துகள். அரே என்றால் அணி, வரிசை. 640×480 புள்ளிகளில் 16 நிறம் காட்டுவது அன்று பெரிய காரியம். மூன்று வரிசையில் 15 ஊசி கொண்ட நீலத் தலைக் கேபிளை இன்றும் பள்ளிக்கூடப் புரொஜெக்டர்களில் பார்க்கலாம். தரம் பழசாகிப் போனது, பெயர் மட்டும் இலங்கையில் காட்டின்மேல் ஒட்டிக்கொண்டது.

கிராஃபிக்ஸ் என்பதன் வேர் கிரேக்கம். கீறு, எழுது, வரை என்ற பொருள்களை அங்கே ஒரே வினை தாங்குகிறது. தமிழின் 'வரை'யும் அப்படித்தான்: படமும் வரைவோம், மடலும் வரைவோம். நம் கணிதப் புத்தகத்தில் 'வரைபு' என்று படித்ததும் இதே வேரில்தான். ஆகவே கிராஃபிக்ஸுக்கு வரைகலை என்பது பொருந்திய சொல். ஜிபியு என்பது வரைகலைச் செயலி. அந்தப் பெயரைப் பரவலாக்கியது 1999இல் என்விடியா வெளியிட்ட ஜிஃபோர்ஸ் 256.

சிக்கல் அடைமொழியில்தான். 'டெடிகேட்டட்' என்பதை 'அர்ப்பணிக்கப்பட்ட' என்று எழுதுவதைப் பார்க்கிறோம். கோயிலுக்கு நேர்ந்துவிட்டதுபோல ஒலிக்கும் அந்தச் சொல் இங்கே வேண்டாம், 'தனி' போதும். 'இன்டகிரேட்டட்' என்பதற்கு 'ஒருங்கிணைந்த' பிழையல்ல, ஆனால் நீளம். உள்வரைகலை, தனிவரைகலை என்ற இணை வாயிலும் நிற்கும், விலைச்சீட்டிலும் அடங்கும். லப்டொப்பில் 'அட்டை' என்று சேர்க்கவும் தேவையில்லை. அங்கே தனிச் சில்லும் பெரும்பாலும் போர்டிலேயே ஈயம் வைத்துப் பதிக்கப்பட்டிருக்கும், கழற்ற அட்டை கிடையாது. 'ஒன்போர்ட்' என்பதும் பழைய வழக்கு. முன்பு வரைகலை மதர்போர்ட்டின் சில்லில் இருந்தது. 2011இல் இன்டெலின் சாண்டி பிரிட்ஜ் வந்தபோது புரொசசரின் அதே சில்லுக்குள் போய்விட்டது.

உள்வரைகலை இருக்கும் இடத்தைவிட அது சாப்பிடும் இடம் முக்கியம். காத்தான்குடி, சம்மாந்துறைக் கல்யாண வீட்டில் ஒரு சஹனை (சேர்ந்து உண்ணும் பெரிய தட்டை) சுற்றிப் பல பேர் இருப்பதுபோல, புரொசசரும் உள்வரைகலையும் ஒரே ராமிலிருந்து எடுக்கின்றன. தனிவரைகலைக்குத் தன் கோப்பை தன் முன்னால். டிடிஆர்4-3200 ராம் ஒன்று மட்டும் இருந்தால் நொடிக்கு 25.6 ஜிபி தரவு கிடைக்கும், சோடியாகப் போட்டால் 51.2. டிடிஆர்5-5600 சோடி 89.6 தரும். 2016இல் வந்த தனிவரைகலையான ஜிடிஎக்ஸ் 1050 டிஐ-க்கோ தனக்கு மட்டுமே 112 ஜிபி. மின்சாரமும் சஹன்தான். மெல்லிய லப்டொப்பில் 15 முதல் 28 வாட்டைப் புரொசசரும் வரைகலையும் பங்கிடும்போது, 1050 டிஐ தனியாக 75 வாட் எடுக்கும்.

அப்படியிருந்தும் ஈடாகுமா என்றால், எந்தக் காட்டுக்கு என்று கேட்கவேண்டும். ஜிடி 710, டிடிஆர்3 நினைவகத்தோடு வந்த ஜிடி 730 போன்ற பழைய காட்டுகளை இன்றைய உள்வரைகலை எளிதாகத் தாண்டும். 710-இன் நினைவக வேகமே நொடிக்கு 14.4 ஜிபிதான். இன்டெலின் 96 அலகுள்ள ஐரிஸ் எக்ஸ்இ உள்வரைகலை, சோடி ராமோடு, ஜிடி 1030-க்கு ஈடுகொடுக்கும். ஏஎம்டியின் உள்வரைகலைகளான ரேடியன் 680எம், 780எம் இரண்டும் 1050 டிஐ-யின் அருகே நிற்கும். நொடிக்கு 192 ஜிபி உள்ள ஜிடிஎக்ஸ் 1060-ஐ அவை பிடிக்கா. இன்டெலின் பழைய உள்வரைகலையான யுஎச்டி 620 இந்தப் பந்தயத்திலேயே இல்லை.

ஒரு வேலையில் உள்வரைகலை பழைய காட்டை முந்தும். கல்யாண வீடியோ எடுக்கும் பல புதிய கமராக்கள் எச்.265 என்ற சுருக்க முறையில், 4:2:2, 10 பிட் நிறத்தில் பதிவுசெய்கின்றன. இதை விரித்துக் காட்டும் சுற்று இன்டெலின் 11ஆம் தலைமுறை ஐரிஸ் எக்ஸ்இ-யில் உண்டு. என்விடியாவில் 2025இன் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முன் இல்லை. ஸ்டூடியோவில் டைம்லைன் இழுபடுகிறதென்று பழைய 1060 தேடி அலைவது இந்த வேலைக்கு உதவாது. மறுபக்கம், குடா (என்விடியா சில்லில் மட்டும் ஓடும் கணிப்பு முறை) கேட்கும் மென்பொருள் உள்வரைகலையில் அந்த வழியில் ஓடவே ஓடாது. அதற்கு என்விடியா வேண்டும்.

புது லப்டொப் 'ஸ்லோ' என்று திரும்பி வருவதற்கு ஒரு காரணம் ஒற்றை ராம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மனேஜர் வரும். பெர்ஃபோமன்ஸில் மெமரியைத் தொட்டால் எத்தனை ஸ்லொட் நிரம்பியிருக்கிறது என்று தெரியும். கீழே ஜிபியு பகுதியில் 'ஷெயார்ட்' என்ற எண் ராமில் ஏறத்தாழப் பாதியாக இருக்கும். அது கடன் வாங்கக்கூடிய உச்ச அளவு, தனி நினைவகம் அல்ல. '8 ஜிபி விஜிஏ' என்று யாராவது அந்த எண்ணைக் காட்டினால் ஏற்கவேண்டாம். ஐரிஸ் எக்ஸ்இ உள்ள இயந்திரத்தில் ராம் ஒற்றையாக இருந்தால் டிவைஸ் மனேஜரில் பெயரே மாறி, வெறும் யுஎச்டி கிராஃபிக்ஸ் என்று நிற்கும். இரண்டாவது 8 ஜிபியைப் போட்டதும் பெயர் திரும்பிவிடும். 8-உடன் 4 போட்டால் வேலை செய்யும், ஆனால் கடைசி 4 ஜிபி பகுதி ஒற்றை வேகத்தில்தான் ஓடும். சில மெல்லிய லப்டொப்களில் ராம் போர்டிலேயே பதிக்கப்பட்டு ஸ்லொட்டே இருக்காது. அவற்றில் பின்னால் கூட்டமுடியாது என்பதால், 16 ஜிபியாகவே வாங்கவேண்டும்.